வீட்டு விதியும் ஏட்டு விதியும்

விளையாட்டு என்றதும் அது சிறுவர்க்குரியது என ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் ஒரு விளையாட்டின் விதிகளை ஊன்றிப் படிப்பவர்க்கு, அவை இலக்கண நூற்பாக்களைப் போலவே ஒன்றையொன்று தழுவி நிற்பது புலனாகும். ஒரு நூற்பாவை நீக்கினால் அதனைச் சார்ந்த புறனடை பொருளற்றுப் போகும். அவ்வாறே ஓர் ஆட்ட விதியைக் கைவிட்டால் அதனைச் சார்ந்த விதிகள் பலவும் நிலைகுலையும். இதனைக் காட்டுவதற்கு ஊனோ என்னும் சீட்டாட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து ஆடும் ஆட்டம் அது. இரு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூடினால் முதலில் எழுவது வழக்கு, ஆட்டம் பிறகுதான். "எங்க வீட்டுல அப்படி இல்லையே" என்று வந்த பிள்ளை சொல்லும். "இங்க இப்படித்தான்" என்று வீட்டுப் பிள்ளை சொல்லும். சீட்டுகள் பாதியில் கலைந்து போவதும் உண்டு. கலையாமல் ஆட்டம் நடந்தாலோ, விருந்துக்கு வந்த பிள்ளை தான் அறியாத ஒரு விதியால் தோற்று, வாய் பேசாது அமர்ந்திருக்கும். பெரியவர்கள் இதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர்.

இவ்வேறுபாடுகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டதே விதி, மற்றவை எல்லாம் வழு என்பர் ஒரு சாரார். ஆடுவோர் இசைந்ததே விதி, தாளை யார் பார்த்தார் என்பர் மற்றொரு சாரார். முதற்சாரார் ஆட்டத்தின் வரலாற்றை மறந்தவர். இரண்டாஞ்சாரார் ஆட்டத்தின் அமைப்பை மறந்தவர்.

வரலாற்றை முதலில் பார்க்கலாம். ஊனோ தோன்றியது 1971இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ரெடிங் என்னும் சிற்றூரில். அதனைப் படைத்தவர் மெர்ல் ராபின்ஸ் என்னும் முடிதிருத்துநர். 'கிரேசி எயிட்ஸ்' என்னும் பழைய சீட்டாட்டத்தின் விதியைப் பற்றி அவருக்கும் அவர் மகனுக்கும் எழுந்த வாதமே புதிய ஆட்டத்துக்கு வித்தாயிற்று என்பர். குடும்பத்தார் 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டுகள் செய்வித்தனர். முதலில் அவற்றை ராபின்ஸ் தம் கடையிலேயே விற்றார். பின்னர் 50,000 டாலருக்கும், விற்பனையாகும் கட்டு ஒன்றுக்கு 10 சென்ட் உரிமைத்தொகைக்கும் இலினாய் மாநிலத்தவர் சிலரிடம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1992இல் அது மேட்டல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

ஒரு வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் எழுந்த விதி வழக்கைத் தீர்க்கப் பிறந்த ஆட்டம், இன்று வீடுதோறும் விதி வழக்கை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

கிரேசி எயிட்ஸ் 1930களிலிருந்து அமெரிக்காவில் வழங்கிவரும் ஆட்டம். மேசைமேல் கிடக்கும் சீட்டின் இனத்தோடோ எண்ணோடோ ஒத்த சீட்டைப் போட வேண்டும். இல்லாதவர் கட்டிலிருந்து எடுக்க வேண்டும். எட்டு இருந்தால் எதன்மேலும் போட்டு வேண்டிய இனத்தைக் கேட்கலாம். முதலில் கையைத் தீர்ப்பவர் வென்றவர். இவ்வளவே அதன் முதல் வடிவம். இரண்டு போட்டால் அடுத்தவர் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், இன்ன சீட்டுக்கு ஒருவரைத் தாண்ட வேண்டும், இன்ன சீட்டுக்குச் சுற்று திரும்ப வேண்டும் என்பன எல்லாம் ஆடியோர் ஆங்காங்கே சேர்த்தவை. செருமானியரின் மௌ-மௌ, ஆங்கிலேயரின் ஸ்விட்ச், டச்சுக்காரரின் பெஸ்டன் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சீட்டாட்ட வரலாற்றாசிரியர் டேவிட் பார்லெட், கிரேசி எயிட்ஸைத் தனியொரு ஆட்டமாகக் கொள்ளாமல், பல மாற்றங்களுக்கு இடங்கொடுக்கும் ஓர் அடிப்படை அமைப்பாகவே கருதுகிறார். ராபின்ஸ் செய்தது என்ன? வாய்மொழியாக வழங்கிய அவ்வழக்கங்களைத் தனிச் சீட்டுகளாக்கி, அவற்றின்மேல் அச்சிட்டார். ஆக, இன்றைய ஏட்டு விதி நேற்றைய வீட்டு விதியே. அச்சானதனால் மட்டும் அது வேதமாகிவிடாது.

இது முதற்சாரார்க்கு விடை. இரண்டாஞ்சாரார்க்குரிய விடை நீண்டது. அதற்கு அச்சிட்ட விதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வழக்கமான கட்டில் 108 சீட்டுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு நிறம். நிறம் ஒவ்வொன்றிலும் சுழியம் ஒன்று, 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, ஸ்கிப், ரிவர்ஸ், 'பிளஸ் டூ' என்று பிள்ளைகள் அழைக்கும் சீட்டு ஆகியவையும் இரண்டிரண்டு. எஞ்சியவை எந்நிறமும் கேட்கத்தக்க வைல்டு நான்கு, நிறமும் கேட்டு அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்கவும் வைக்கும் 'பிளஸ் ஃபோர்' நான்கு. ஆளுக்கு ஏழு சீட்டுடன் ஆட்டம் தொடங்கும். இவை யாவரும் அறிந்தவை. யாவரும் மறந்தவை இரண்டு உள. அம்மறதியிலிருந்தே வீட்டு விதிகளில் பெரும்பாலானவை பிறந்தன என்று கொள்ள இடமுண்டு.

முதலாவது, புள்ளிக் கணக்கு. ஒருவர் கையைத் தீர்த்தவுடன் ஊனோ முடிந்துவிடுவதில்லை. மற்றவர் கையில் எஞ்சிய சீட்டுகளின் மதிப்பு அவருக்குப் புள்ளியாகச் சேரும். எண் சீட்டுக்கு அதன் எண்ணே மதிப்பு. ஸ்கிப், ரிவர்ஸ், பிளஸ் டூ ஆகியவற்றுக்கு 20. வைல்டுக்கும் பிளஸ் ஃபோருக்கும் 50. இவ்வாறு பல கைகள் ஆடி முதலில் 500 எட்டுபவரே வென்றவர். வீடுகளில் இக்கணக்கை எழுதி வைப்போர் அரியர். ஒருவர் தீர்த்தார், கைதட்டினார், மறுபடி சீட்டைக் கலைத்தார் என்பதோடு முடிந்தது. பென்சிலும் தாளும் எடுத்துவரச் சோம்பல். வேறு காரணம் இல்லை.

இச்சோம்பலின் விளைவு பெரிது. கணக்கு எழுதும் மேசையில் பிளஸ் ஃபோரை இறுதிவரை பொத்தி வைப்பவன், மற்றொருவன் முந்திக்கொண்டால், 50 புள்ளியைத் தூக்கிக் கொடுக்கிறான். அது வெற்றிக்கு வேண்டிய 500இல் பத்தில் ஒரு பங்கு. ஆகவே வலிய சீட்டு கைக்குப் பலமும் ஆகும், பாரமும் ஆகும். எப்பொழுது விடுவது என்னும் ஆராய்ச்சியே இவ்வாட்டத்தின் அறிவுப் பகுதி. கணக்கு எழுதாத மேசையிலோ வலிய சீட்டுக்குப் பாரமே இல்லை. கடைசிவரை பதுக்கி வைப்பதே சூழ்ச்சி. எல்லாரும் பதுக்கவே, ஆட்டத்தின் இறுதியில் பிளஸ் டூவும் பிளஸ் ஃபோரும் மழையாகப் பொழிகின்றன.

மறந்துபோன இரண்டாவது விதி, சவால். பிளஸ் ஃபோரை நினைத்தபோதெல்லாம் போட முடியாது. மேசைமேல் உள்ள நிறம் கையில் ஒன்றுகூட இல்லாதபோதுதான் போடலாம். எண் ஒத்த சீட்டு இருந்தால் தடையில்லை. ஆனால் கையில் நிறம் இருக்கிறதா இல்லையா என்பதை யார் அறிவார்? அதற்கே சவால் அமைந்தது. அடி வாங்க வேண்டியவர் ஐயங்கொண்டால் சவால் விடலாம். போட்டவர் தம் கையை அவருக்குக் காட்ட வேண்டும். பொய் வெளிப்பட்டால் போட்டவரே நான்கு எடுப்பார். பொய் இல்லையேல் சவால் விட்டவர் நான்குக்குப் பதிலாக ஆறு எடுப்பார்.

இது மிக நுட்பமான விதி. பொய் சொல்ல இடங்கொடுக்கிறது. பொய்க்கு விலையும் வைக்கிறது. வீண் ஐயத்துக்கும் விலை வைக்கிறது. கணக்கிட்டால், சும்மா இருந்தால் நான்கு, சவாலில் தோற்றால் ஆறு, வென்றால் ஒன்றுமில்லை. எனவே, போட்டவர் பொய்யர் என்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினாலே சவால் விடுவது தகும். ஆட்டத் தொடக்கத்தில் பிளஸ் ஃபோர் தவிர்த்த ஆறு சீட்டிலும் மேசை நிறம் ஒன்றுகூட இல்லாதிருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறையே நிகழும். முதற்சுற்றிலேயே பிளஸ் ஃபோரை வீசுபவரை ஐயுறுவதில் தவறில்லை.

பின் ஏன் இவ்விதி வீடுகளில் மறைந்தது? நீளமான விதி, படிக்கப் பொறுமையில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. "மாமா, உங்க கையில சிவப்பு இருக்கு, காட்டுங்க" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்பதை எத்தனை வீடுகள் பொறுக்கும்? பெரியவரைப் பொய்யர் என்று சொல்ல இடந்தரும் விதியைக் குடும்பம் ஓசைப்படாமல் கழற்றிவிடுகிறது. சவால் போனதும், நிறம் இல்லாதபோதே போடலாம் என்னும் கட்டுப்பாடும் காவலற்றுப் போய் மறைந்தது. பிளஸ் ஃபோர் கேள்விமுறையற்ற ஆயுதமாயிற்று.

இவ்விரண்டு மறதிகளையும் மனத்திற்கொண்டு, வீட்டு விதிகளுள் தலையாயதாகிய அடுக்குதலைப் பார்க்க வேண்டும். பிளஸ் டூ வாங்கியவர் தாம் எடுக்காமல், தம் பிளஸ் டூ ஒன்றை அதன்மேல் போட்டு, அடுத்தவரை நான்கு எடுக்கச் செய்வது. அவரும் அவ்வாறே தள்ளிவிடுவது. சில வீடுகளில் பிளஸ் டூவின்மேல் பிளஸ் ஃபோரும் ஏறும். அச்சிட்ட விதியில் இதற்கு இடமே இல்லை. அடி வாங்கியவர் எடுக்க வேண்டும், முறையையும் இழக்க வேண்டும்; அவ்வளவே. 2019 மே மாதத்தில் ஊனோவின் டுவிட்டர் பக்கத்திலேயே இது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பிளஸ் ஃபோர் விழுந்தால் நான்கு எடுத்தே ஆக வேண்டும், அதன்மேல் பிளஸ் டூவைப் போட்டு ஆறாக்கித் தள்ளக்கூடாது என்றனர். உலகெங்கும் ஆடுவோர் வெகுண்டனர். எங்கள் வீட்டு மேசையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்காதவர் குறைவு.

அறிவிப்பு ஏட்டைப் பற்றிச் சொன்ன அளவில் சரியே. ஆனால் மக்கள் ஏன் அடுக்கினர் என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை. சவால் என்னும் கேடயத்தை இழந்தவர்க்கு வேறொரு கேடயம் வேண்டியிருந்தது. அடி வாங்கியவன் வாய் திறக்கவும் வழியில்லாத ஆட்டத்தை எந்தப் பிள்ளையும் நெடுநேரம் ஆடாது. அடுக்குதல் அக்குறையை நீக்கவே புகுந்தது. இலக்கண மொழியில் சொன்னால், இது வெறும் வழு அன்று. காரணம் உடைய வழுவமைதி.

ஆயினும் குறை தீர்ந்ததா? சவாலில் அடி, பொய் சொன்னவன்மேல் திரும்பும். அடுக்குதலில் அடி, யாதொரு பிழையும் செய்யாத மூன்றாமவன்மேல் போய் விழும். கட்டில் உள்ள பிளஸ் டூ எட்டு, பிளஸ் ஃபோர் நான்கு. அனைத்தும் அடுக்கினால் 32 சீட்டு ஒருவர் தலையில். அவ்வளவு தூரம் போகாவிடினும், எட்டும் பத்தும் வாங்குவது வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி. பதுக்கியவனுக்கு வெற்றி, பதுக்காமல் நேர்மையாக ஆடியவனுக்குத் தண்டனை என்றாகிறது. ஆதலால் அடுக்குதலை விரும்புவோர் அதனோடு புள்ளிக் கணக்கையும் மீட்டுக்கொள்வது தகும். கையில் பதுக்கிய ஒவ்வொரு பிளஸ் டூவும் 20 புள்ளி என்னும் அச்சம் இருந்தால், அடுக்குதல் தன்னளவில் அடங்கும்.

அடுக்குதலுக்கு இவ்வளவேனும் காரணம் சொல்லலாம். போடத்தக்க சீட்டு கிடைக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்னும் விதிக்கு அதுவும் இல்லை. ஏட்டின்படி ஒரு சீட்டு எடுத்தால் போதும். அது பொருந்தினால் உடனே போடலாம், இல்லையேல் முறை கடந்தது. வீட்டு விதியோ நிறுத்துவதில்லை. மேசையில் சிவப்பு 5 கிடக்கிறது, கையிலுள்ள ஏழும் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். காணாத 100 சீட்டுகளில் பொருந்துபவை 38. சராசரியாக இரண்டரைச் சீட்டுக்குச் சற்று மேல் எடுக்க நேரும். சராசரி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஏழில் ஒரு முறை ஐந்தோ அதற்கு மேலோ எடுக்க வேண்டி வரும். யாரும் அடிக்காமலே பிளஸ் ஃபோரைவிடப் பெரிய அடி. இவ்விதி உள்ள வீட்டில் ஆட்டம் முடியாமல் இழுபடுவதும், சிறு பிள்ளைகள் இரு கையாலும் பிடிக்க முடியாமல் சீட்டைத் தரையில் பரப்புவதும் இதனாலேயே. நீக்கத்தக்க வீட்டு விதி ஒன்று உண்டெனில் அது இதுவே.

ஒத்த சீட்டு உடையவர் தம் முறை வருமுன்பே குறுக்கே புகுந்து போடும் வழக்கமும் உண்டு. நிறமும் எண்ணும் முழுதும் ஒத்திருக்க வேண்டும். சுழியம் நிறத்துக்கு ஒன்றேயாதலால் அதில் புக முடியாது என்பதை ஆடுவோர் பலர் கவனிப்பதில்லை. இவ்வழக்கத்தால் தீங்கொன்றுமில்லை, தூங்கி வழிபவனை விழிக்கச் செய்யும்.

ஏழு போட்டவர் யாரேனும் ஒருவரோடு தம் கைச்சீட்டு முழுவதையும் மாற்றிக்கொள்ளலாம், சுழியம் விழுந்தால் எல்லாரும் தம் கையை அடுத்தவர்க்குக் கொடுக்க வேண்டும் என்னும் விதி வேறு வகையைச் சேர்ந்தது. ஏழு எட்டும் சுழியம் நான்குமாக 12 சீட்டுகள் கையைக் கைமாற்றுவன ஆகின்றன. பொறுமையாகக் கணித்து ஒரே சீட்டுக்கு வந்தவனின் உழைப்பு, பதினைந்து சீட்டோடு தவிப்பவனுக்குப் போய்விடுகிறது. அறிவாட்டம் என்று நோக்கினால் இது பெருங்குறை. எனினும் பாட்டியும் பேரனும் ஒரே வட்டத்தில் அமரும் வீட்டில், ஆட்டம் தெரிந்தவனே எப்பொழுதும் வெல்வதும் ஒரு குறைதான். அவ்வட்டத்தில் எழும் சிரிப்பைக் கருதி இவ்விதிக்கு இடங்கொடுக்கலாம்.

இடங்கொடுப்பவர் ஒன்றை முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவன் கையில் எஞ்சிய கடைசிச் சீட்டே ஏழு. அதனைப் போட்டான். வென்றானா? அல்லது ஏழின் விதிப்படி தன் வெறுங்கையை ஒருவர்க்குக் கொடுத்து அவர் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டுமா? கொடுத்தால் வெறுங்கை பெற்றவர் அன்றோ வென்றவர்? விதியைப் புகுத்தியவர் இதற்குப் புறனடை எழுத மறந்தார். இரவு பத்து மணிக்கு எழும் சண்டைகளில் பாதி இதைப் பற்றியதே.

இங்கேதான் வீட்டு விதியைச் சோதிக்கும் உண்மையான உரைகல் வெளிப்படுகிறது. விதி நல்லதா தீயதா என்பதினும், அது எப்பொழுது சொல்லப்பட்டது என்பதே முதல் வினா. சீட்டைக் கலைத்துப் போடுமுன் சொன்னது விதி. கடைசி ஏழு விழுந்த பின்னர், அதனால் பயன்பெறுபவரே எடுத்துச் சொல்வதை விதி என்பது பொருந்தாது. 2016இல் யூபிசாப்ட் வெளியிட்ட கணினி ஊனோவில் அடுக்குதல், ஏழு-சுழியம், குறுக்கே புகுதல் ஆகிய வீட்டு விதிகள் இடம்பெற்றன. ஆட்டம் தொடங்குமுன்பே அவற்றுள் வேண்டியதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு உள்ள இந்த ஒழுங்கு வீட்டுக்காரர்க்கு இருப்பதில்லை. "இங்க இப்படித்தான்" என்னும் சொல் விருந்துப் பிள்ளையின் காதில் விழுவது, அது பத்துச் சீட்டு எடுக்க வேண்டிய நேரத்தில்தான்.

வகுப்பில் ஊனோவைப் பயன்படுத்த எண்ணும் ஆசிரியர், விதித்தாளை வாங்கி முதலில் மாணவர்க்கே கொடுத்துப் படிக்கச் செய்யலாம். அவரவர் வீட்டு விதியைப் பலகையில் எழுதச் செய்து, எது எதனோடு முரண்படுகிறது என்று அவர்களையே கேட்கலாம். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் எளிதில் வாய்க்காது.

அவ்வாறு எழுதச் செய்தால் தவறாமல் வரக்கூடியது ஒன்று உண்டு. வலிய சீட்டைக் கடைசியாகப் போட்டு ஆட்டத்தை முடிக்கக்கூடாது என்பது அது. பல வீடுகளில் இதனை ஏட்டு விதி என்றே நம்புகின்றனர். ஏடோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கடைசிச் சீட்டு பிளஸ் டூவாயினும் முடிக்கலாம். ஆனால் ஆட்டம் முடிந்த பின்னும் அடுத்தவர் அவ்விரண்டு சீட்டையும் எடுத்தே தீர வேண்டும். ஆட்டம் முடிந்தபின் எதற்கு எடுப்பது என்று பிள்ளைகள் நகைப்பர். புள்ளிக் கணக்கு எழுதும் மேசையில் அவ்விரண்டு சீட்டும் வென்றவர் கணக்கில் ஏறும்.